பந்தக்கால் குழி

என் பீரோவின் கீழ்த்தட்டில் முப்பத்தொரு பொன்னாடைகள் கிடக்கின்றன. பொன்னாடை என்று சொல்வதெல்லாம் மரியாதைக்கு. பாலியஸ்டர் துணி, ஓரத்தில் ஜிகினா. உடுத்த முடியாது. போர்த்திக்கொண்டு படுத்தால் உடம்பு அரிக்கும். தரை துடைக்கலாமென்றால் தண்ணீரைக் குடிக்காது. நாட்டுக்காகப் பதினொரு ஆட்டம் கால்பந்து ஆடியதற்கு இந்தத் தாம்பரம் வட்டாரம் எனக்குக் கொடுத்தது இதுதான். பள்ளி ஆண்டு விழா, மகளிர் தினம், நகைக்கடைத் திறப்பு, ரத்ததான முகாம் என்று எங்கே கூப்பிட்டாலும் தோளில் ஒன்று விழும். ஒரு தடவை மாவு மில் திறப்பு விழாவுக்குக்கூடப் போயிருக்கிறேன்.

முப்பத்தொன்றாவதுதான் கடைசி. இனிமேல் எவனாவது என் தோளில் துணி போட வந்தால் கையைத் தட்டிவிடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். பிடித்துத்தான் இருக்கிறது. அது எப்படிப் பிடித்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இரும்புலியூர்க்காரி. அப்பா ஜி.எஸ்.டி ரோட்டோரம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேரோடு மைதானத்துக்குப் போனவள், அவர்கள் கிரிக்கெட்டுக்கு ஓடிப்போன பிறகும் பந்தை விடவில்லை. நான் லெஃப்ட் பேக். கோல் அடிப்பவளைத் தோளில் தூக்குவார்கள், கோல் விழாமல் தடுப்பவளைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் இந்திய ஜெர்ஸி போட்டேன். முதல் ஆட்டம் வெளிநாட்டில். திரும்பி வந்த அன்று திரிசூலம் ஸ்டேஷனில் மூட்டையோடு மின்சார ரயில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா ஜெர்ஸியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கூரியர் கம்பெனியாம்மா?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

இருபத்தாறு வயதில் முழங்கால் போயிற்று. விளையாட்டு கோட்டாவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. "அப்பாடா, ஒருவழியா செட்டிலாயிட்டா" என்று சொந்தபந்தமெல்லாம் பெருமூச்சு விட்டது. பதினொரு ஆட்டத்தையும் நான் அந்த நாற்காலிக்காகத்தான் ஆடினேன் என்பதுபோல. ஐந்து வருஷம் ஃபைல் தூக்கினேன். பொறுக்கவில்லை. காலையில் ஆறிலிருந்து எட்டு வரை பெண்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் நாலு பேர் வந்தார்கள், பிறகு இருபத்திரண்டு பேர் ஆனார்கள். லைசென்ஸ் இல்லாமல் கோச் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதென்றார்கள். சரி என்று, பெருங்களத்தூர் தாண்டி ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு லீவு போட்டுப் போனேன்.

அங்கே பாடம் எடுக்க வந்தவர் ஒரு ஸ்விஸ்காரர். அறுபதை நெருங்கிய ஆள். தன் நாட்டு அணிக்குப் பல வருஷம் டிஃபெண்டராக ஆடிவிட்டுப் பிறகு கோச் ஆனவர். முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சிரிக்கவே மாட்டார். பொங்கலுக்கு ஊர் போகிற பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நாலு நிமிஷம் தாமதமாக வந்த ஒருவரை வெயிலில் நிறுத்தினார். பெருங்களத்தூர் நெரிசலைப் பற்றி ஸ்விட்சர்லாந்துக்காரருக்கு என்ன தெரியும்? தினமும் நாங்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் தனியாக மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலையைக் குனிந்தபடி நடப்பார். ஏர் ஓட்டுகிறவர்போல ஒரு சால் போய் ஒரு சால் திரும்புவார்.

"சார் இன்னாத்தையோ தொலைச்சுட்டாரு போல கீது" என்றார் என்னோடு படித்த குரோம்பேட்டை கோச். எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு கருங்கல் ஜல்லியை எடுத்து எங்கள் முன்னால் நீட்டினார். "இது யாருடைய கணுக்கால்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார். அவருடைய ஆங்கிலம் எங்களுடையதைவிட ஒரு படி மோசம் என்பதால் எல்லோருக்கும் நன்றாகவே புரிந்தது. கோச்சின் முதல் வேலை பந்தை எடுப்பது இல்லை, மைதானத்தை நடப்பது. வேறு யார் காலும் படுவதற்கு முன் உன் கால் பட வேண்டும். பன்னிரண்டு நாளில் அவர் சொன்னதில் எனக்கு நின்றது அது ஒன்றுதான்.

கடைசி நாள் டீ குடிக்கும்போது குரோம்பேட்டைக்காரர் ஆசையாகக் கேட்டார். "நாட்டுக்கே ஆடினவரு. இவரு ஊர்ல இவருக்கு இன்னா மரியாதை பண்ணாங்கன்னு கேளுங்க மேடம்."

நான் கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். கடைசியில், ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சொந்த ஊருக்குப் போனதும் மைதானத்துச் சாவியைக் கொடுத்தார்கள் என்றார். பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். புல்லையும் அவரே வெட்டினாராம். பெரிய அணிகள், வெளிநாட்டு வேலைகள் எல்லாம் அதற்கப்புறம்தான். இன்னும் அந்தச் சாவி வீட்டில் இருக்கிறதாம். சாவி மட்டும்தானா என்று குரோம்பேட்டைக்காரருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் என் மைதானத்தின் சாவி அண்ணனிடம் இருந்தது.

அண்ணன் என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் பக்கம் எல்லோருக்கும் அவர் அண்ணன். பழைய குடும்பம், நிறைய மனை விற்றவர், மைதானக் கமிட்டித் தலைவர். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஐஸ் பெட்டியோடு முதல் ஆளாக வந்து நிற்பார். என் அப்பா போனபோதும் வந்தார். அப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? மைதானத்துச் சாவி அவருடைய வாட்ச்மேன் இடுப்பில் தொங்கும். வாட்ச்மேன் எழுந்து, டீ குடித்து, பேப்பர் பார்த்து, அதன் பிறகு பல் தேய்த்து கேட்டைத் திறக்க ஆறரை ஆகிவிடும். அதுவரை இருபத்திரண்டு பெண்கள் நடுரோட்டில் நிற்பார்கள், போகிற வருகிற பைக்கெல்லாம் ஹாரன் அடிக்கும். பொருட்காட்சி, ரிசப்ஷன், கட்சிக் கூட்டம் என்றால் அதுவும் கிடையாது. எட்டு வருஷம் சாவி கேட்டேன். "குடுத்துடலாம் தங்கச்சி, இன்னா இப்ப?" என்பார். எட்டு வருஷமும் அதே பதில், அதே புன்னகை.

எட்டு வருஷமும் நான் நடந்தேன். அதில் மட்டும் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்றுதான் எழுத ஆசை. கேட் திறந்ததும் பெண்கள் சிமெண்ட் படியில் உட்கார்ந்து லேஸ் கட்டுவார்கள். நான் தெற்கு கோல் போஸ்டிலிருந்து ஆரம்பிப்பேன். பீர் பாட்டில் மூடி, ஷாமியானா முளை, தேங்காய் ஓடு, ஆணி அடித்த பலகை எல்லாவற்றையும் ஒரு பையில் பொறுக்குவேன். குழி இருந்தால் காலால் மண்ணைத் தள்ளி மிதித்து அமுக்குவேன். வடக்கு கோல் போஸ்டில் முடித்துவிட்டுக் கையைத் தூக்குவேன். நான் கையைத் தூக்கினால்தான் அவர்கள் படியிலிருந்து இறங்குவார்கள். இது எங்கள் சட்டம். மழையில்கூட மாறியதில்லை.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி கீழ்க்கட்டளைப் பெண். அப்போது இருபது வயது. பகலில் பெருங்களத்தூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுவாள். அவளுடைய அம்மா ஒரு பெண்கள் விடுதியில் சமையல். அந்தப் பெண்ணின் இடது கால் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு கால் என் பதினொரு ஆட்டத்தில் எனக்கு எதிரே வந்திருந்தால் நான் பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு ஆசைப்பட்டிருக்கவே மாட்டேன். அவளுக்கு இந்திய அணிக்கான முகாமுக்கு அழைப்பு வந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை ரயில். முகாமில் தேறிவிட்டால் ஜெர்ஸி, ஜெர்ஸி வந்துவிட்டால் ஒரு நிரந்தர வேலை. கடிதத்தை அம்மாவிடம் காட்டிவிட்டு, "அடுத்த வருஷம் நீ அடுப்பாண்ட நிக்க வேணாம்" என்று சொன்னாளாம். என்னிடம் வந்து அதைச் சொன்னபோது அவளுக்கு முகமெல்லாம் பல்.

சேதி அண்ணன் காதுக்குப் போயிற்று. மறுநாளே ஸ்வீட் பாக்ஸோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"நம்ம ஊரு பேரு இந்தியா ஃபுல்லா தெரியப் போவுது தங்கச்சி. ஞாயித்துக்கெழம ஒரு பாராட்டு விழா வெச்சே ஆவணும். அந்தப் பொண்ணுக்கும் உனக்கும்."

"விழா வேணாம்ணா. சாவி குடுங்க, போதும்."

"மேடையிலயே குடுக்கறேன். எல்லார் முன்னாடியும் உன் கையில. போதுமா?"

இதற்குமேல் நான் என்ன சொல்ல? ஒப்புக்கொண்டேன். சாவிக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். புதுப்புடவை எடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் எதையும் சின்னதாகச் செய்ய மாட்டார். மைதானத்தில் மேடை போட, கல்யாணத்துக்கு நடுவதுபோல வெள்ளிக்கிழமை காலையில் பந்தக்கால் நட்டார். மூங்கிலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, குழியில் பாலும் நவதானியமும் விட்டு, மேளத்தோடு. பந்தக்காலை ஈசானிய மூலையில்தான் நட வேண்டும் என்றார் ஐயர். மைதானத்தின் ஈசானிய மூலை என்றால் கார்னர் கொடிப் பக்கம் போயிருக்கும், சனியன் ஒழிந்ததென்று இருந்திருப்பேன். ஐயர் மேடைக்கு மூலை பார்த்தார். அது வடக்கு கோல் போஸ்டுக்கு நேர் எதிரே, பெனால்டி ஸ்பாட்டுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது.

"கோல் முன்னாடி தோண்டாதீங்கண்ணா" என்றேன்.

"ஒன்ற அடி குழி. மூடிட்டா தெரியவா போவுது? சாமி காரியம் தங்கச்சி, குறுக்க பேசாத."

முதல் பிடி நவதானியத்தை என்னையே போடச் சொன்னார்கள். போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழா. வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ். என் தலையை வெட்டி யாரோ ஒரு வெளிநாட்டு ஆண் ஆட்டக்காரரின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். தொடையெல்லாம் ரோமம். பேசியவர்களில் ஒருவர் என்னை ஹாக்கி வீராங்கனை என்றார், இன்னொருவர் தமிழ்ப் பெண்களின் வீரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், அதில் பந்து என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. பிறகு ஆளுயர மாலை போட்டார்கள். ரோஜாவும் சாமந்தியும் வெள்ளி நாடாவுமாகக் கழுத்தை இழுத்தது. அதன்மேல் முப்பத்தொன்றாவது பொன்னாடை. கடைசியாக அண்ணன் மைக்கைப் பிடித்து, "தங்கச்சி எட்டு வருசமா கேட்டுகினு இருந்தத இன்னிக்கி குடுக்கறேன்" என்றார். இரண்டு பேர் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சாவிதான். தெர்மாகோலில் செய்து தங்கக் காகிதம் ஒட்டிய இரண்டடி நீளச் சாவி.

எல்லோரும் கை தட்டினார்கள். "நிஜச் சாவி?" என்று அண்ணன் காதில் கேட்டேன். "அத்த கமிட்டில பேசி குடுப்போம். இப்ப கேமராவப் பாரு" என்றார். அந்த இடத்திலேயே அந்தத் தெர்மாகோலை உடைத்து மேடையில் போட்டிருக்க வேண்டும். நான் கேமராவைப் பார்த்தேன். சிரித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது. ஒரு லெஃப்ட் பேக்குக்காக அவ்வளவு பேர் எழுந்து நின்று கை தட்டி நான் பார்த்ததில்லை.

மறுநாள் மேடவாக்கத்தில் ஏதோ கல்யாணம் என்று பந்தல்காரர்கள் அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலையில் மைதானம் பெருக்கிவிட்டதுபோல இருந்தது. விழா பிரியாணியின் தெம்பில் வாட்ச்மேன் சரியாக ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்துவிட்டார். எட்டு வருஷத்தில் முதல் தடவை. நான் சிமெண்ட் படியில் உட்கார்ந்தேன். ஃபோன் நிரம்பி வழிந்தது. கூடப் படித்தவர்கள், கூட ஆடியவர்கள், ஆபீஸ் சூப்பிரண்டு, என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத அத்தை மகள் எல்லோரும் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். மாலையோடு நான் நிற்கும் படத்தை யாரோ ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். அதைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பெண்கள் லேஸ் கட்டி முடித்துவிட்டார்கள்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினேன்.

சுத்தமாகத்தானே இருக்கிறது, இன்றைக்கு ஒரு நாள்தானே. என்ன நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் இவ்வளவுகூட நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. கை தானாகப் போனது.

ஷூட்டிங் பிராக்டீஸ். வலது பக்கத்திலிருந்து ஒருத்தி பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். கீழ்க்கட்டளைப் பெண் ஓடி வந்து, இடது காலால் அடிப்பதற்காக வலது காலை ஊன்றினாள். ஊன்றிய கால் தரையில் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே பாதிவரை உள்ளே போய்விட்டது, உடம்பு மட்டும் முன்னால் போயிற்று. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் எனக்குப் படிவரை கேட்டது. அவள் கத்தவில்லை. "அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

காலை வெளியே எடுத்தபோது கூடவே சாமந்தி வந்தது. ரோஜா இதழ் வந்தது. வெள்ளி நாடா அவள் பூட்ஸில் சுற்றிக்கொண்டிருந்தது. என் மாலை. குழிக்குள் என் மாலையைச் சுருட்டி வைத்து, மேலே ஒரு கை மண்ணைத் தூவியிருந்தார்கள். அடியில் இருந்த நவதானியம் மூன்று நாளில் முளைவிட்டு அவள் சாக்ஸில் ஒட்டியிருந்தது. அதில் முதல் பிடி நான் போட்டது.

கணுக்கால் எலும்பு இரண்டு பக்கமும் உடைந்திருந்தது. பிளேட் வைக்க வேண்டும், ஓடுவதற்கு ஆறு மாசமாவது ஆகும், பழையபடி ஆடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார் டாக்டர். விடுதிச் சமையலை அப்படியே போட்டுவிட்டு அவள் அம்மா ஓடி வந்தார். கையில் மஞ்சள் கறை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வியாழக்கெழமக்குள்ள சரியாயிடுமாம்மா?" என்று கேட்டார். நான் வெளியே போய் முகாமுக்கு ஃபோன் செய்தேன். மறுமுனையில் மரியாதையாகத்தான் பேசினார்கள். பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்றார்கள்.

மறுநாள் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழக்கூடை வந்தது, போட்டோகிராபர் வந்தான், பொன்னாடையும் வந்தது. காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தவளின் நெஞ்சில் அந்த ஜிகினாத் துணியை விரித்தார். "கவலப்படாத பாப்பா, அண்ணன் கீறேன் இல்ல" என்றார். போட்டோகிராபர் ஃபோகஸ் பார்த்தான்.

கோபம் என் கண்ணை மறைத்தது. துணியை உருவி ஜன்னல் வழியாக எறிந்தேன். கைப்பையில் ஒரு கவரில் வைத்திருந்த அழுகல் பூவையும் வெள்ளி நாடாவையும் எடுத்து அண்ணன் உள்ளங்கையில் கொட்டினேன்.

"குழியை மூடச் சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேனே. மூடினானுங்களே."

"எதைப் போட்டு மூடினாங்க பாருங்க."

அண்ணன் பூவைப் பார்த்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "மேடையில கழட்டி வெச்ச மாலை தங்கச்சி. கண்ட எடத்துல கெடந்தா கால்ல மிதிபடும். சாமிக்குத் தோண்டின குழியில போட்டா கால் படாதுன்னு பசங்க போட்டிருப்பானுங்க. பக்தியா தான பண்ணாங்க, இது தப்பா?"

கால் படக் கூடாதென்று போட்டார்களாம். என் மாலையில் யார் காலும் படக் கூடாதாம். பூவுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் காலுக்கு ஒரு சட்டி மண் போட யோசிக்கவில்லை. இதையெல்லாம் நான் சாதாரணக் குரலில் சொல்லவில்லை. வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. "உங்க மரியாதையில நெருப்பு வெக்க" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. நர்ஸ் ஓடி வந்து எங்கள் எல்லோரையும் வெளியே தள்ளினார். "இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார் பண்ணுது இந்தம்மா" என்று போட்டோகிராபர் லிஃப்ட் பக்கத்தில் முனகினான். அவனையும் விடவில்லை.

அந்த ஆத்திரம் ஆறவே இல்லை. அப்பா கடையை இப்போது நடத்துகிற, என் கூடப் பிறந்த அண்ணனிடம் போய் ஒரு ஹேக்ஸாவும் புதுப் பூட்டும் வாங்கினேன். விடிகாலையில் கேட்டின் பழைய பூட்டை அறுத்தேன். இருபத்தோரு பெண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். வாட்ச்மேன் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே ஓடி வந்தார், என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். என் பூட்டைப் போட்டேன். ஒரு வாரம் கழித்து அண்ணன் காரில் வந்து இறங்கினார். பூட்டைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிக் காரில் ஏறிப் போய்விட்டார். எட்டு வருஷம் கெஞ்சிக் கிடைக்காத சாவி கால் மணி நேரத்தில் கிடைத்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அதற்கப்புறம் நான் நடக்காத நாளே இல்லை. இரண்டு தடவை நடந்தேன். வடக்கு கோல் போஸ்டுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தேன். நடக்கும்போதெல்லாம் வாய் மட்டும் ஓயாது. அண்ணனைத் திட்டினேன், பந்தல்காரர்களைத் திட்டினேன், மேடைக்கு மூலை பார்த்த ஐயரை, ஹாக்கி என்றவரை, கை தட்டிய ஊரைத் திட்டினேன். வீட்டில், ஆபீஸில், மின்சார ரயிலில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதே கதைதான். அதில் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கையைத் தூக்கியது மட்டும் வராது. அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

எட்டு மாசம் கழித்து ஒரு நாள் காலையில் கீழ்க்கட்டளைப் பெண் மைதானத்துக்கு வந்தாள். கால் ஊன்றுகிறது, ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. ஓடிப் பார்த்துவிட்டாள், டாக்டரும் சொல்லிவிட்டார், முகாம் என்ற பேச்சு இனிமேல் இல்லை. அம்மா இன்னும் அதே விடுதி அடுப்பின் முன்னால்தான். அவள் சிமெண்ட் படியில் உட்கார்ந்து வழக்கம்போல பூட்ஸ் லேஸைக் கட்டினாள். எதற்குக் கட்டுகிறாள் என்று நான் கேட்கவில்லை. நடந்து முடித்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பழைய பாட்டை ஆரம்பித்தேன். அந்தப் பந்தல்காரன் மட்டும் ஒரு சட்டி மண் போட்டிருந்தால், அந்த அண்ணன் மட்டும் நான் சொன்னதைக் கேட்டிருந்தால்.

அவள் லேஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க நடக்கல."

வந்தது கோபம்தான். எனக்கு வேறென்ன வரும்?

"தெரிஞ்சுகினே ஏன்டி எறங்கின? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்க ஃபோனப் பாத்து சிரிச்சுகினு இருந்தீங்க. எட்டு வருசத்துல உங்கள அப்படி சந்தோசமா நான் பாத்ததே இல்லக்கா. கூப்ட்டு அத்தக் கெடுக்க வேணாம்னு எறங்கிட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த பூட்ஸின் லேஸைக் கட்டினாள். நான் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஸ்விஸ்காரருக்கு அவர் ஊர் கொடுத்த மாதிரியெல்லாம் இல்லை. என் கையில் அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது கேட்டைத் திறப்பது அவள். மைதானத்தை நடப்பதும் அவள். வலது காலை இழுத்து இழுத்து தெற்கு கோல் போஸ்டிலிருந்து வடக்கு கோல் போஸ்ட் போய்ச் சேர அவளுக்கு இருபது நிமிஷம் ஆகிறது. அவள் கையைத் தூக்கும்வரை படியிலிருந்து யாரும் இறங்கக் கூடாது. நானும்தான்.